பஞ்சாய் அமுங்கிய பிரேக்கும் மஞ்சள் பொட்டும்

கால் போய்க்கொண்டே இருந்தது.

காரின் பிரேக்கை மிதித்தால் பாதியில் ஓர் இடத்தில் கெட்டியாக நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் நமக்கும் ஒரு தைரியம் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கெலமங்கலத்தில் எங்கள் காம்பவுண்டு வாசலில், புது பிரேக் பேட் மாட்டி முடித்த என் காரில் உட்கார்ந்து மிதித்தபோது அது நிற்கவில்லை. இலவம்பஞ்சுத் தலையணையில் காலை வைத்ததுபோல அமுங்கி அமுங்கி, தரைவிரிப்பைத் தொட்ட பிறகுதான் ஓய்ந்தது.

வெளியே மூன்று பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கணவர் கணேசன், எதிர்வீட்டு நாகராஜ், பக்கத்து வீட்டு மஞ்சுளா. ஆண்கள் இருவரும் காலையிலிருந்து காருக்கு அடியில் கிடந்தவர்கள். அவர்கள் சட்டை அழுக்கைப் பார்த்தபோது, ‘நல்லா இருக்கு’ என்று சொல்லித் தொலைத்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

“எப்படி இருக்கு?” என்றார் இவர்.

“போயிட்டே இருக்குதுங்க. தரையைத் தொடுது.”

“ரெண்டு தரம் சேர்த்து மிதிச்சுப் பாரு.”

மிதித்தேன். இரண்டாவது மிதியில் கொஞ்சம் கெட்டியானது.

“அம்புட்டுத்தேன்! ரெண்டு மிதியில புடிச்சுக்கிடுதுல்ல? ஓட ஓடச் சரியாயிரும்.”

மறுநாள் காலை அந்தக் காரில்தான் நான் அஞ்செட்டி மலையில் இறங்க வேண்டும். நான்கு பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேலே வர வேண்டும். சாயங்காலம் அவர்களோடு அதே மலையில் மறுபடி இறங்க வேண்டும்.

நான்கு ஓட்டக்காரிகள்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படித்துவருபவர்களுக்கு என் பள்ளிக்கூடத்தைத் தெரியும். புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சொல்கிறேன்: அஞ்செட்டியையும் தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் ஒரு மலைக் கிராமத்தின் நடுநிலைப் பள்ளி அது. நான் அங்கே ஆசிரியை. பஸ் உண்டு. ஆனால் அது தன் இஷ்டத்துக்கு வந்து, தன் இஷ்டத்துக்குப் போகும். மழை பெய்தால் அதுவும் கிடையாது.

அந்த வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து முதல்முறையாகத் தொடர் ஓட்டத்துக்கு ஒரு பெண்கள் அணி தயாராகியிருந்தது. ஆடு மேய்த்து, தண்ணீர் தூக்கி, மேட்டிலும் பள்ளத்திலும் ஓடிப் பழகிய கால்கள். தேன்கனிக்கோட்டையில் போட்டி. பெயர் கொடுத்தாயிற்று. ஆனால் பஸ்ஸை நம்பிப் போனால் போட்டி முடிந்து பந்தல் பிரிக்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடியும்.

கடைசியாக ஓடும் பிள்ளையின் பெயர் மாதேவி. அவள் அம்மா லட்சுமம்மா லேசில் சம்மதிக்கவில்லை. அந்த மலைப்பாதையில் சரக்கு வண்டி கவிழ்ந்து அவருடைய தம்பி கால் ஒடிந்து கிடந்தவர். அவர் பயத்தில் நியாயம் இருந்தது.

“வேற யாரு வண்டியிலயும் அனுப்ப மாட்டேன். நீங்களே கூட்டிட்டுப் போயி, நீங்களே கொண்டாந்து உட்டீங்கன்னா அனுப்பறேன் டீச்சர்” என்றார்.

“நானே கொண்டாந்து விடறேன்” என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். மற்ற மூன்று வீட்டிலும் லட்சுமம்மாவைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள். ஆக, நான்கு பிள்ளைகளும் ஓடுவதும் ஓடாததும் என் காரைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. அந்தக் காரோ, அதற்கு முந்தைய வாரம்தான் மலை இறங்கும்போது சக்கரத்திலிருந்து கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்திருந்தது.

எனக்கென்று ஒரு பிரேக்

இந்த இடத்தில் என் கார் ஓட்டும் வித்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கார் வாங்கிய கதையைச் சில வாரங்களுக்கு முன்பு எழுதியபோது வேண்டுமென்றே விட்டுவிட்ட பகுதி இது.

நான் ஓட்டக் கற்றது ஓசூரில் ஒரு பயிற்சிப் பள்ளியில். அங்கே காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். நான் மிக அழகாக ஓட்டினேன். சிக்னலில் வெண்ணெயைத் தடவியதுபோல நிறுத்தினேன். பயிற்சியாளரே பாராட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

சொந்தக் காரை எடுத்துக்கொண்டு முதல் தடவை மத்திகிரிப் பக்கம் போனபோதுதான் உண்மை தெரிந்தது. இத்தனை நாளும் காரை நிறுத்தியது நான் அல்ல, அவர். எனக்கு முன்னால் போன டிராக்டரின் வைக்கோலில் போய் முட்டிக்கொண்டு நின்றேன். வைக்கோல் என்பதால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு பிரேக்கை நான் தனியாகப் படித்தேன். எங்கே மிதிக்க ஆரம்பிப்பது, எந்த அளவு மிதித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும், இறக்கத்தில் எப்படி, ஈரத்தில் எப்படி என்று என் வலது கால் பாடம் படித்தது. அஞ்செட்டி இறக்கத்தின் ஒவ்வொரு வளைவும் என் பாதத்துக்குத் தெரியும். அதனால்தான் அன்று மிதி பஞ்சாக அமுங்கியபோது எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டது.

இன்னொரு விஷயம். அந்தப் பாதையில் யானை வரும். ஹாரன் அடித்தால் ஒதுங்கிப் போக அது மாடு இல்லை. வளைவைத் தாண்டினால் அது நிற்கும். நாமும் நிற்க வேண்டும். அவ்வளவுதான் சாலை விதி.

எங்கள் காம்பவுண்டு நிபுணர்கள்

மெக்கானிக்கிடம் விடாமல் ஏன் வீட்டு வாசலில் வைத்துச் செய்தோம் என்று கேட்பீர்கள். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். வேறு ஆளைத் தேடலாம் என்று நான் சொன்னதும் எங்கள் காம்பவுண்டுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“டீச்சர், ஊரு பூராவுக்கும் பிரேக் பண்ணி அனுப்பறவங்க நாங்க. நம்ம காம்பவுண்டு வண்டிய இன்னொருத்தன் தொடறதா?” என்றார் நாகராஜ்.

அவர் பேரிகைக்காரர். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அவர் வேலை பார்க்கும் இடத்தில் கேலிப்பர் செய்கிறார்கள். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் பேட் வைத்துக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கை அது. பிரேக்கை மிதித்தால் ஆயில் பாய்ந்து வந்து அந்தக் கையை மூட வைக்கும். நாகராஜ் அந்தக் கைக்குத் துளை போடுகிறவர்.

என் கணவருக்கு விருதுநகர்ப் பக்கம். அவர் வேறொரு தொழிற்சாலையில் வண்டிப் பாகங்களைப் பூட்டும் வரிசையில் நிற்கிறார். இத்தனை இறுக்கம்தான் என்று அளந்து போல்ட்டை முடுக்கும் கருவியோடுதான் அவர் பிழைப்பு. முடுக்கியதும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் போல்ட்டின் தலையில் ஒரு பொட்டு வைப்பார். ‘இதை நான் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது’ என்று அர்த்தம். கையில் அந்தப் பேனா இருந்தால் வீட்டில் குக்கர் கைப்பிடி ஸ்குருவுக்குக்கூடப் பொட்டு வைத்துவிடுவார்.

மஞ்சுளா கெலமங்கலத்துப் பெண். தக்காளியும் கொத்தமல்லியும் போடுகிற குடும்பம். டிப்ளமோ முடித்துவிட்டு, வார்ப்பில் செய்த உலோகக் கூடுகள் எங்கேயாவது ஒழுகுகின்றனவா என்று சோதிக்கிற வேலைக்குப் போகிறாள். தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி, உள்ளே காற்றை அடைத்து, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் சிவப்புப் பெட்டி, வராவிட்டால் பச்சைப் பெட்டி.

அடக்கம் ஒடுக்கம் என்பதெல்லாம் மஞ்சுளாவிடம் எதிர்பார்க்கக் கூடாது. அவள் பேச ஆரம்பித்தால் காம்பவுண்டில் டிவியை நிறுத்திவிடலாம். ஒருமுறை அவள் கம்பெனியில், வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் பார்வைக்கு வந்திருந்த நேரத்தில், ஒரு கூடை நிறைய சரக்கை ஒழுகல் என்று நிறுத்திவிட்டாளாம். சூப்பர்வைசர் வந்து காதோரமாக, “இன்னிக்கு மட்டும் விடும்மா” என்று கெஞ்சியிருக்கிறார். “நான் வுட்டாலும் தண்ணி வுடாது சார்” என்று சத்தமாகவே பதில் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள்.

நறுவிசான வேலை

காலையில் வேலை தொடங்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். சாக்கு விரித்தார்கள். ஜாக்கி வைத்துக் காரின் முன்பக்கத்தைத் தூக்கி, கீழே முட்டுக் கொடுத்தார்கள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் வரிசையாக அடுக்கினார்கள். என் வீட்டு இட்லித் தட்டுகள்கூட வெளியே போய்விட்டன, குழிக்கு ஒரு போல்ட் வைக்க. சாதாரணமாகத் தன் செருப்பையே ஜோடியாக விடத் தெரியாத மனிதர் என் கணவர். தொழிற்சாலை வழக்கம் கைக்கு வந்துவிட்டால் ஆள் எப்படி மாறிவிடுகிறார்!

பேட் மட்டும் மாற்றியிருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் நாகராஜ் கேலிப்பரைப் பார்த்தார். துருவும் தூசியும் அப்பிக் கிடந்தது. தன் கையால் துளை போட்டு அனுப்புகிற பொருள் இந்தக் கோலத்தில் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

“இதுல புதுப் பேட் போடறதா? அழுக்குச் சட்டை மேல பட்டு வேட்டி கட்டுன மாதிரி இருக்கும் டீச்சர்” என்றார்.

இரண்டு பக்கக் கேலிப்பரையும் ஆயில் வரும் ரப்பர் குழாயிலிருந்து கழற்றி, ஒரே தட்டில் வைத்து, மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டு வெளிப்புறத்தைத் தேய்த்து, துடைத்து, வெள்ளிப் பெயின்ட்கூட அடித்துவிட்டார். வெயிலில் காய்ந்த அந்த இரண்டும் புது வெள்ளிப் பாத்திரம் போல மின்னின. நான் மனதாரப் பாராட்டினேன்.

பிறகு நாகராஜ் எடுத்துக் கொடுக்க, இவர் மாட்டினார். மாட்டும்போது, “ஆயில் ஓஸ் என்னமோ முறுக்கிக்கிட்டு நிக்குதே” என்று இவர் முணுமுணுத்தது சன்னல் வழியாக என் காதில் விழுந்தது. “அது ரப்பரு, வளைஞ்சிக்கும்” என்றார் நாகராஜ். முடுக்கியாயிற்று. எல்லாப் போல்ட் தலையிலும் மஞ்சள் பொட்டு வைத்தாயிற்று.

குழாயைக் கழற்றினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும். ஆயிலை அழுத்தினால் அது அப்படியே தள்ளும். காற்று நடுவில் இருந்தால் அது தான் சுருங்கிக்கொண்டு, தள்ள விடாது. மிதி பஞ்சாவது அதனால்தான். அதை வெளியேற்ற, கேலிப்பரில் நிப்பிள் என்று ஒரு சின்னத் திருகு மூக்கு இருக்கிறது. ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் நிப்பிளைத் திறந்து, காற்றையும் ஆயிலையும் வெளியே விட்டு, மூட வேண்டும். இதெல்லாம் இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒழுங்காகவே செய்தார்கள்.

மிதிக்கும் வேலை எனக்கு. “அமுக்குங்க… புடிச்சிக்கங்க… இப்ப விடுங்க” என்று நாகராஜ் சொல்லச் சொல்ல, என் தொடை கடுத்துப்போகும்வரை மிதித்தேன். தொடக்கத்தில் இரண்டொரு குமிழி வந்தது. அப்புறம் தெளிந்த ஆயில் மட்டுமே வந்தது.

“ஆயித்து டீச்சர்! காத்தே இல்ல” என்றார் நாகராஜ்.

மிதித்தேன். நான் முதலில் சொன்னேனே, கால் போய்க்கொண்டே இருந்தது என்று, அது இப்போதுதான்.

“நான் ஓகே சொல்ல மாட்டேன்”

மறுபடி ஆயில் ஊற்றி, மறுபடி மிதித்து, மறுபடி திறந்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. மிதி மட்டும் பஞ்சாகவே இருந்தது. வெயில் ஏறிவிட்டது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. இவர் மறுபடியும் அந்த இரண்டு மிதி யோசனைக்கே வந்தார்.

“ரெண்டாவது மிதி வரைக்கும் யானை காத்துட்டு நிக்குமாங்க?” என்று கேட்டேன்.

நாகராஜ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். லட்சுமம்மாவின் பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு, நாளைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான். நினைக்கும்போதே மாதேவியின் முகம் கண்முன் வந்து நின்றது. ஓடுவதற்காகச் சித்தியின் பழைய பாவாடையைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு கால்சட்டை தைத்து வைத்திருந்தாள் அந்தப் பிள்ளை.

அதுவரை துணி காயப்போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்த மஞ்சுளா அருகில் வந்தாள்.

“டீச்சர், எறங்குங்க. நான் ஒருக்கா மிதிக்கறேன்.”

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. உட்கார்ந்து மிதித்தாள். காலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். பிறகு இறங்கினாள்.

“ஓகே இல்ல” என்றாள்.

“அது தெரியுதும்மா. குமிழியே வரலியே, காத்து எங்கிருந்து வரும்?” என்றார் இவர், சலிப்போடு.

“குமிழி வரலன்னா ரெண்டு காரணம்ண்ணா. ஒண்ணு, உள்ள காத்து இல்ல. இன்னொண்ணு, காத்து இருக்குது, ஆனா அது வெளிய வர்ற வழியில நிக்கல. மொதல்ல எங்க லைன்ல வந்த புதுசுல எல்லாரும் ஏமாந்தது இதுலதான். பீஸ தலைகீழா தொட்டியில வெச்சா, குழி இருக்கற எடத்துல காத்து பம்மிட்டு உக்காந்துக்கும். மேல வரவே வராது. நாம பச்சப் பொட்டியில போட்டுருவோம்.”

சொல்லிக்கொண்டே சக்கரம் கழற்றிய இடத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். திரும்ப வந்தாள்.

“நாகராஜண்ணா, காத்து மேல தானே போவும்?”

“ஆமா.”

“அப்ப அது வெளிய போற மூக்கு எதுக்குக் கீழ இருக்குது?”

நாகராஜ், “அது அப்படித்தான் இருக்கும் மஞ்சுளா. எங்க மிஷின்ல நான் மாட்டறப்ப நிப்பிள் ஓட்டை கீழ பாத்துதான் இருக்கும்” என்றார்.

“அது மிஷின்ல. இது வண்டியில. உங்க மிஷின்ல வர்றது எந்தப் பக்கத்துப் பீஸு?”

“லெஃப்டு.”

“ரைட்டு?”

நாகராஜ் குனிந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ரைட்டுப் பக்கம் வேறு வரிசையில், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இடது கேலிப்பரை மட்டுமே கையில் எடுத்தவர். அந்த இரண்டும் கண்ணாடியில் பார்த்த பிம்பம்போல இருக்கும். நடுவில் வித்தியாசம் ஒன்றே ஒன்று, நிப்பிள் மேலே வருகிறதா கீழே வருகிறதா என்பது. தட்டில் பளபளவென்று கிடந்த இரண்டில் எது எந்தப் பக்கம் என்று அவர் யோசிக்கவே இல்லை. அவர் கண்ணுக்கு எல்லாமே லெஃப்டு. இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் எடுத்துக் கொடுத்தார். இவர் வாங்கி, குழாயை முறுக்கி, கனகச்சிதமான இறுக்கத்தில் முடுக்கி, பொட்டும் வைத்துவிட்டார்.

“ஓஸ் முறுக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?” என்று நான் இவரைக் கேட்டேன்.

“சொன்னேன். ஆனா எடுத்துக் குடுக்குறது அவரு ஸ்டேஷன் வேலை. எனக்கு வந்தத நான் டைட் பண்ணேன்” என்றார் இவர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போலும். முகத்தில் அசடு வழிந்தது.

தொழிற்சாலை வரிசையில் வாழ்ந்து பழகியவர்களால் மட்டுமே இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். ஒவ்வொருவரும் தன் பங்கைத் துளி பிசகாமல் செய்து அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு சாதாரண மெக்கானிக் கடைப் பையன் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றியே இருக்க மாட்டான்.

நாகராஜ் செய்த காரியம்

மஞ்சுளாவை நான் இப்படி மெச்சுவதைப் படித்துவிட்டு நாகராஜை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது. அவர் செய்ததும் எனக்குப் பெரிதாகத்தான் தெரிந்தது.

சாப்பிடாமல் காலையிலிருந்து உழைத்தவர். தெருவில் போவோர் வருவோரிடம் எல்லாம் ‘நம்ம ஃபீல்டுங்க இது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்ட ஆளுக்கு முகம் சுண்டிப்போயிருக்க வேண்டும். அவரோ தலையில் கையை வைத்துக்கொண்டு, “அய்யோ தேவுடா!” என்றார். உடனே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“தப்பு என்னுது டீச்சர். கணேசண்ணன் மேல இல்ல. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்” என்றார். சிரிப்பு அடங்கியதும் சாக்கில் போய் மல்லாந்து படுத்து ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

“சாப்ட்டுட்டுச் செய்யலாங்கண்ணா” என்றேன்.

“பசங்கள ஏத்தற வண்டி டீச்சர். முடிச்சிட்டு வர்றேன்.”

தப்பு நடந்த இடத்தில் சாக்குச் சொல்லாத மனிதர்களை என் உத்தியோக வாழ்க்கையில் நான் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நாகராஜுக்கு.

இரண்டு கேலிப்பரையும் இடம் மாற்றினார்கள். குழாய் முறுக்கில்லாமல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நிப்பிள் இரண்டும் மேலே பார்த்தன. இவர் புது ஆயில் பாட்டில் வாங்கிவந்தார். நான் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பிடித்தேன். நாகராஜ் திறந்தார்.

குமிழி என்றால் அப்படி ஒரு குமிழி! நிப்பிளில் செருகியிருந்த சின்னக் குழாயில் பட்பட்டென்று வெடித்துக்கொண்டு வந்தது. அதன் அடியில் பிடித்த காலித் தண்ணீர்ப் பாட்டிலில் ஆயிலும் காற்றும் சோடாபோலப் பொங்கின. மஞ்சுளா கைதட்டி, “பாத்தீங்களா, பம்மிட்டு இருந்துருக்குது திருட்டுக் காத்து!” என்று கத்தினாள். அடுத்த பக்கத்திலும் அதே கதை. மிதிக்க மிதிக்க என் காலுக்கடியில் மிதி மேலே ஏறிவருவதை உணர்ந்தேன். ஒரு கட்டத்தில் அது நின்றது. பாதியில், கெட்டியாக, கல்லில் கால் வைத்ததுபோல நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பிரேக்குக்காக அழுத ஆசிரியை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

“இருங்க டீச்சர், கால எடுக்காதீங்க” என்றாள் மஞ்சுளா. “கெட்டியா இருக்கறது பத்தாது. புடிச்சிட்டே இருக்கறப்ப எறங்கக் கூடாது.”

பிடித்தேன். அவள் போனில் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “இன்னும்… இன்னும்…” என்றாள். கால் நடுங்க ஆரம்பித்தது. மிதி ஒரு இழைகூட இறங்கவில்லை.

இவர் சந்தோஷமாக மஞ்சள் பேனாவைத் திறந்தார். முதலில் வைத்த பொட்டுகளை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தார். பேனாவை மஞ்சுளாவிடம் நீட்டி, “நீ கண்டுபுடிச்சது. பிரேக் மிதியில நீ ஒரு பொட்டு வைம்மா” என்றார்.

அவள் வாங்கவில்லை.

“நிக்க வெச்சுப் பாத்தது மட்டும்தாண்ணா ஓகே. ரோட்டுல நான் பாக்கல. டீச்சர் மலை எறங்கிட்டு வரட்டும். அப்பறம் வெக்கறேன்.”

பிறகு சக்கரங்களை மாட்டி, சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நானும் இவரும் ராயக்கோட்டைச் சாலையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து, மெதுவாகவும் வேகமாகவும் போய்ப் போய் நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நின்றது. அப்படியும் மஞ்சுளா மனம் மாறவில்லை. அவ்வளவு பிடிவாதம் ஒரு மனுஷிக்கு எங்கிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கியதற்கும் அந்தப் பிடிவாதம்தான் காரணம்.

இறக்கம்

மறுநாள் நான்கு பேரும் ஓடினார்கள். இரண்டாவதாக வந்தார்கள். முதலாவது வந்திருக்கலாம், மாற்றுகிற குச்சி ஒரு கையில் கொஞ்சம் வழுக்கிவிட்டது. அதைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை. ஆளுக்கொரு சான்றிதழும் டிபன் பாக்ஸும் கிடைத்தன. பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். ஊர் எல்லை வரை காருக்குள் ஒரே கூச்சல்.

காடு தொடங்கும் இடத்தில் கூச்சல் தேய்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் மூன்று பேரும் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் மாதேவி, மடியில் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கினாள்.

மலை இறக்கம். வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. கியரைக் குறைத்து, வளைவுக்கு வளைவு மிதித்து இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே பாதி தூரம் வந்திருப்பேன். ஒரு வளைவைத் திரும்பினேன். சாலை நடுவில் ஒற்றைக் கொம்பன் நின்றது.

மிதித்தேன். ஒரே மிதி.

கார் நின்றது. குலுக்கல் இல்லை, வழுக்கல் இல்லை. எனக்கும் அதற்கும் நடுவில் இன்னும் இரண்டு லாரி நிற்குமளவு இடம் இருந்தது. காலை எடுக்காமல் அப்படியே இருந்தேன். மிதி ஒரு இழைகூட இறங்கவில்லை. யானை காதை ஆட்டியது, மூங்கிலை ஒடித்தது, யோசித்தது, பிறகு பள்ளத்துப் பக்கமாக இறங்கிப் போயிற்று. பக்கத்திலும் பின்னாலும் திரும்பிப் பார்த்தேன். நான்கு பேரில் ஒருத்திகூட விழிக்கவில்லை.

ஊரில் லட்சுமம்மா சாலைக்கே வந்து காத்திருந்தார். மகளை இறக்கியதும் தோளைத் தொட்டு, கையைத் தொட்டு, முழுசாக இருக்கிறாளா என்று பார்த்தார்.

“மல எறங்கறப்ப பயமா இருந்துச்சா?” என்று கேட்டார்.

மாதேவி கண்ணைக் கசக்கினாள். “தூங்கிட்டேம்மா” என்றாள்.

லட்சுமம்மா என்னைப் பார்த்தார். வீட்டுக்குள் போய் ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டுவந்து காரில் வைத்தார்.

நான் கெலமங்கலம் வந்து சேர்ந்தபோது மஞ்சுளா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடையோடு வாசலிலேயே நின்றிருந்தாள். என்ன இடம், என்ன வேகம், யானை எவ்வளவு தூரம் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தை மட்டும் பார்த்தாள்.

“புள்ளைங்க தூங்கிட்டாங்க மஞ்சு” என்றேன். “யானைக்கு முன்னாடி நிறுத்தினேன். ஒருத்தியும் முழிச்சுக்கல.”

“அப்ப ஓகே” என்றாள்.

கையை நீட்டி இவரிடம் பேனாவை வாங்கினாள். கதவைத் திறந்து, குனிந்து, பிரேக் மிதியின் தண்டில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தாள். காய்வதற்காக வாயால் ஒருமுறை ஊதிவிட்டு, அவரைக்காயில் தன் பங்கை எடுத்துக்கொண்டு சமைக்கப் போனாள்.